ஷெஃபீல்ட் பார்க்: இலை சிவக்கும் வாரங்கள்

அக்டோபர் பிறந்தால் இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "இலை சிவக்கிறதைப் பார்க்க எங்கே போகலாம்?" லண்டனிலும் அதற்குத் தெற்கேயும் இருப்பவர்கள் கேட்டால் நான் யோசிக்காமல் ஷெஃபீல்ட் பார்க் என்றுதான் சொல்வேன். கிராய்டனில் குடியிருக்கும் எங்களுக்கு அது ஒரு நாளில் நிம்மதியாகப் போய்வரக்கூடிய இடம். முதல் ஆண்டு ஏதோ பூங்கா என்று நினைத்துத்தான் போனோம். அப்புறம் வேறு வேறு மாதங்களில், வேறு வேறு ஆட்களோடு போகப் போகத்தான் அந்த இடத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பிடிபட்டது.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஷெஃபீல்ட் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நகரம் வடக்கே யார்க்‌ஷயரில் இருக்கிறது. இந்தத் தோட்டம் தெற்கே கிழக்கு சஸெக்ஸில், ஃப்ளெட்சிங் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கும் லூயிஸுக்கும் நடுவே ஏ275 சாலையில் இருக்கிறது. போனில் வழி போடும்போது சஸெக்ஸ் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

போகிறவர்கள் எதிர்பார்ப்பையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இது பாத்தி கட்டி ரோஜாவும் டாலியாவும் வைத்த பூந்தோட்டம் இல்லை. மேட்டில் கோபுரமும் ஊசிமுனையுமாக ஒரு பெரிய மாளிகை தெரியும். அது தனியார் குடியிருப்பு, உள்ளே விடமாட்டார்கள். மாளிகையைப் பார்க்கலாம் என்று வருபவர்கள் வாசலிலேயே ஏமாந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பார்க்க வேண்டியவை நான்கு ஏரிகளும் அவற்றின் கரையில் நிற்கும் மரங்களும்தான். தோட்டம் மட்டுமே சுமார் 120 ஏக்கர். நடக்க மனசு இருந்தால் வாருங்கள். இல்லையென்றால் அரை மணி நேரத்தில் "அவ்வளவுதானா?" என்று தோன்றிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரை அழைத்துப் போனேன். அம்மா சிவகங்கைப் பக்கம் வயல்வெளியில் வளர்ந்தவர். மரத்தைப் பார்த்தால் வயசு சொல்வார். உள்ளே நுழைந்து முதல் ஏரிக்கரையில் நின்றதும் கேட்டார்: "ஏண்டி, இதெல்லாம் தானா வளந்ததா, வச்சு வளத்ததா?"

எல்லாமே வச்சு வளர்த்ததுதான், ஏரி உட்பட. சொன்னால் நம்பமாட்டேன் என்றார். கொஞ்ச தூரம் நடந்து, ஒரு ஏரியின் தண்ணீர் பாறைகள் மேல் வழிந்து அடுத்த ஏரிக்குள் விழுகிற இடத்துக்கு வந்ததும் அவரே சொல்லிவிட்டார்: "மேல் கண்மாய் நெறஞ்சா கலுங்கு வழியா கீழ்க் கண்மாய்க்குப் போற மாதிரியே வெட்டியிருக்கான்." உண்மையிலேயே அதே ஏற்பாடுதான். சரிவான நிலத்தில் ஓடிவரும் ஓடையைக் கரைபோட்டு மறித்து, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஏரிகளை அமைத்திருக்கிறார்கள். நம் கண்மாய் பாசனத்துக்கு, இவர்களுடையது கண்ணுக்கு. அதற்கப்புறம் அம்மா அந்தத் தோட்டத்தை விருந்தாளியாகப் பார்க்கவில்லை. கரை எங்கே, மடை எங்கே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே நடந்தார். நான் அதுவரை கவனிக்காத சரிவுகளையெல்லாம் அவர்தான் காட்டினார்.

தோட்டத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் இந்த நிலம் ஜான் பேக்கர் ஹோல்ராய்ட் என்பவருடையது. பின்னாளில் முதலாம் ஷெஃபீல்ட் பிரபு ஆனவர். கேப்பபிலிட்டி பிரவுன் என்று நாடே அறிந்த லான்சலாட் பிரவுனை 1776-இல் அவர் வேலைக்கு அமர்த்தினார். சதுரம் சதுரமாகக் கத்தரித்த தோட்டங்களை ஒதுக்கிவிட்டு, புல்வெளி, நீர்நிலை, மரக்கூட்டம் என்று இயற்கையைப் போலவே தோட்டம் அமைத்தவர் பிரவுன். 1789 வாக்கில் தோட்டம் அமைப்பதில் அடுத்த பெரிய ஆளான ஹம்ஃப்ரி ரெப்டன் வந்தார். சுமார் நூறு ஆண்டு கழித்து, மூன்றாம் ஷெஃபீல்ட் பிரபு காலத்தில், ஏரிகளும் பாறை அருவிகளும் விரிந்தன. பாறை வேலை செய்தது புல்ஹாம் நிறுவனம். செயற்கைப் பாறை செய்வதில் அக்காலத்தில் பேர்போனவர்கள். கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்தாலும் எது நிஜப் பாறை, எது செய்த பாறை என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட ஆர்தர் கில்ஸ்ட்ராப் சோம்ஸ் மேல்தான் மதிப்பு அதிகம். 1910 வாக்கில் இந்த எஸ்டேட்டை வாங்கியவர். இன்று நாம் ஓடிப்போய்ப் பார்க்கும் இலையுதிர் கால வண்ணம் பெரும்பாலும் அவர் நட்டதுதான். ஒரே ஒரு பருவத்தை மனதில் வைத்து, எந்த மரம் எந்த வாரம் என்ன நிறமாகும், அதற்குப் பின்னால் எந்தக் கரும்பச்சை மரம் நின்றால் அது எடுப்பாகத் தெரியும், தண்ணீரில் அதன் நிழல் எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்து நட்டிருக்கிறார். 1934-இல் இறந்துவிட்டார். அவர் வைத்த கன்றுகள் முழு உயரத்துக்கு வந்தபோது அவர் இல்லை. முன்னால் இருந்தவர்கள் செய்ததை அழிக்காமல், பிரவுனின் ஏரிகளையும் பிரபுவின் பாலங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் தன் வண்ணத்தைச் சேர்த்த அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் கனடா நாட்டுப் படைகள் இங்கே தங்கின. 1954-இல் தோட்டம், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 1987 அக்டோபரில் தென்கிழக்கு இங்கிலாந்தையே புரட்டிப்போட்ட பெரும்புயலில் இங்கேயும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அதனால் முதிர்ந்த பெருமரங்களுக்கு நடுவே இளமரங்களைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அடுத்த நூறு ஆண்டுக்கு இப்போதே நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எந்த வாரம் போவது? எல்லா மரமும் ஒன்றாகச் சிவப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வருபவர்கள்தான் "போன வாரமே வந்திருக்கணும்" என்று புலம்புகிறார்கள்.

முதலில் நிறம் மாறுவது நிஸ்ஸா மரம். டியூபிலோ என்றும் சொல்வார்கள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, ஈரநிலம் பிடிக்கும், அதனால் ஏரிக்கரை அதற்கு ரொம்பவும் ஏற்ற இடம். சோம்ஸ் இதை நிறைய நட்டிருக்கிறார். அக்டோபர் முதல் பாதியிலேயே நன்றாகச் சிவந்துவிடும். கிட்டப்போய் ஓர் இலையைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், நீள்வட்டம், எண்ணெய் தடவியதுபோல் மேற்பக்கம் பளபளவென்று இருக்கும். ஒரே கிளையில் ஓர் இலை பச்சை, பக்கத்தது மஞ்சள், அடுத்தது ஆரஞ்சு, நுனியில் இருப்பது கருஞ்சிவப்பு. சில இலைகளில் நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சை மிச்சமிருக்கும், ஓரமெல்லாம் சிவந்துவிட்டிருக்கும். வெயில் படும் பக்கம் முதலில் சிவப்பதும், வேறோர் இலையின் நிழல் விழுந்த இடம் மஞ்சளாகவே நிற்பதும் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. குளிர் வந்ததும் மரம் பச்சையத்தை உடைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறமி இலையில் ஏற்கெனவே இருப்பதுதான், பச்சை போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து, வெளிச்சம் படப்படப் புதிதாக உண்டாவது. அதனால் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாக இருக்கும் ஆண்டுகளில் சிவப்பு அள்ளிக்கொண்டு போகும். மேகமும் மழையுமாகவே போன ஆண்டில் மஞ்சளும் பழுப்பும்தான் மிஞ்சும். கிளம்புவதற்கு முந்தைய பத்து நாள் வானிலையைப் பார்த்தாலே ஓரளவு ஊகித்துவிடலாம்.

நிஸ்ஸாவுக்கு அப்புறம் ஜப்பானிய மேப்பிள். அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. பிர்ச் மரங்களின் மஞ்சளும் அப்போதுதான். பீச், ஓக் எல்லாம் நவம்பரில் செம்பு நிறமாகும். ஊசியிலை மரம் என்றாலும் இலை உதிர்க்கும் சதுப்புநிலச் சைப்ரஸ், தண்ணீரோரம் துரு நிறத்தில் கடைசியாக நிற்கும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் அக்டோபர் மூன்றாம் வாரம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அதுதான் கூட்டம் அலைமோதும் வாரமும். பள்ளிகளின் 'ஹாஃப் டெர்ம்' எனும் பருவ நடு விடுமுறையும் பெரும்பாலும் அதற்கடுத்தே வருகிறது. லீவு போட முடிந்தால் செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வேலை நாளில் போனபோது முக்கால்வாசி இலை தரையில் கிடந்தது. பாதை தெரியாத அளவுக்குச் சிவப்பு. கூட்டமே இல்லை. என்னைக் கேட்டால் உச்ச வாரத்தைவிட அந்த நாள்தான் அழகு.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் மாலை நாலரை, நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கு நடுவே அதற்கு முன்பே இருட்டத் தொடங்கும். நம் வழக்கப்படி காலையில் சமைத்து, சாப்பிட்டு, எல்லோரும் குளித்துக் கிளம்பி ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பாதித் தோட்டம் கைவிட்டுப் போகும். திறக்கும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். காலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்று எழும்பாத அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஏரி அசையாமல் கிடக்கும். கரையில் நிற்கும் மரம் முழுசாகத் தண்ணீரிலும் தெரியும். பத்தரை, பதினொன்றுக்கு மேல் சின்னக் காற்று வந்தாலே அது கலைந்துவிடும்.

நடக்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தோட்டத்தை அமைத்தவர்கள் நிற்க வேண்டிய இடங்களை யோசித்து வைத்திருக்கிறார்கள். பாலத்தின் நடுவில் நின்றால் ஏரியின் மறுகோடியில் மாளிகை தெரியும். பத்தடி தள்ளினால் மரம் மறைத்துவிடும். பாதை வளைகிற இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று காத்திருக்கும். அதனால் வேகமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். முக்கியமாக, திரும்பிப் பாருங்கள். பாலத்தைக் கடந்ததும் அநேகம் பேர் முன்னே பார்த்தே நடக்கிறார்கள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால்தான் அந்தக் கரையின் மரங்கள் அடுக்கடுக்காக, முன்னால் சிவப்பு, நடுவில் பொன், பின்னால் பைனின் கரும்பச்சை என்று தெரியும். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் பரவாயில்லை. நேரம் இருந்தால் ஒரே ஏரியை இரண்டு பக்கமாகவும் சுற்றிப் பாருங்கள், வேறு ஏரி என்றே தோன்றும்.

வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் தயங்க வேண்டாம். ஏரியைச் சுற்றிய முக்கியமான பாதைகள் பெரும்பாலும் சமமானவை. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருந்தும் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து உட்கார்ந்து சுற்றி வந்துவிட்டார். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்கூட்டியே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கழிப்பறையும் தேநீர்க் கடையும் வாசல் பக்கம். உள்ளே வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வருவது முழங்கால் வலிக்காரர்களுக்குக் கொடுமை, எனவே நுழையும்போதே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புடவை கட்டுபவர்கள் உள்ளே ஒரு வெதுவெதுப்பான லெக்கின்ஸ் போட்டுக்கொண்டால் நல்லது. கீழ்க்கரை முனை எப்படியும் ஈரமாகும், கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள். செருப்பு வேண்டவே வேண்டாம். ஈர இலை வழுக்கும். காதை மூடும் தொப்பி அவசியம், ஏரிக்காற்று நேராகக் காதுக்குள்தான் போகும். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். ஃபிளாஸ்கில் சூடாகக் காபி. குளிரில் இட்லி கல்லாகிவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் கீழே விழுந்த இலையைப் பொறுக்கட்டும். கிளையைப் பிடித்து உலுக்கி இலை மழை பொழியவைத்துப் படமெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த மரம் இன்னும் ஒரு வாரம் அடுத்தவர்களுக்காக வைத்திருந்த நிறம் அது.

படம் எடுப்பவர்களுக்கு: வெயில் இல்லையே என்று வருந்தாதீர்கள். மெல்லிய மேகம் மூடிய நாளில்தான் சிவப்பு அழுத்தமாகப் பதிவாகும். கேமராவில் போலரைசர் வைத்திருப்பவர்கள் கவனமாகத் திருப்ப வேண்டும். இலையின் பளபளப்பைக் குறைப்பது போலவே தண்ணீரில் தெரியும் பிம்பத்தையும் அது அழித்துவிடும். இங்கே நமக்கு வேண்டியதே அந்தப் பிம்பம்தான்.

கூட வருபவர்களில் கிரிக்கெட் பைத்தியம் யாராவது இருந்தால், மரம் பார்க்க வர மறுத்தாலும் இதைச் சொல்லிக் கூட்டிவரலாம். ஏரிகளை விரிவாக்கிய அதே மூன்றாம் ஷெஃபீல்ட் பிரபு கிரிக்கெட்டே உயிர் என்று வாழ்ந்தவர். தோட்டத்தை ஒட்டிய புல்வெளியில் சொந்தமாக மைதானம் வைத்து, இங்கிலாந்து வரும் ஆஸ்திரேலிய அணியைத் தன் அணியோடு மோத அழைப்பார். 1896-இல் நடந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலிய வேகப் பந்துவீச்சாளர் எர்னி ஜோன்ஸ் போட்ட பந்து, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் தாடிக்குள் புகுந்து போனது என்று இன்றும் சொல்வார்கள். நம் ரஞ்சித்சிங்ஜியும் அந்த ஆட்டத்தில் பிரபுவின் அணிக்காக ஆடினார். 1891-92-இல் கிரேஸ் தலைமையில் ஓர் அணியை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போன பிரபு, அங்கே கிரிக்கெட் வளர 150 பவுன் கொடுத்தார். அந்தப் பணத்தில் பிறந்ததுதான் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக் கிரிக்கெட் கோப்பையான ஷெஃபீல்ட் ஷீல்ட். மைதானம் இருந்த இடத்தில் இன்றும் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

இலையுதிர் காலத்தைத் தவறவிட்டவர்களுக்கு மே மாதம் இருக்கிறது. இந்தப் பகுதி மண் புளிப்புத்தன்மை உள்ளது, ரோடோடென்ட்ரானுக்கும் அசேலியாவுக்கும் அதுதான் வேண்டும். நீலகிரியில் சோலைக்காட்டோரம் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசும் இதே ரோடோடென்ட்ரான்தான். ஊட்டிக்காரர்கள் பார்த்த உடனே சொந்தம் கொண்டாடுவார்கள். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) நகரத்தின் பெயர் கொண்ட அசேலியாக்கள் பூக்கும்போது பாதையிலேயே மணம் வந்து நிறுத்தும். இந்த வகைக்கான தேசியத் தொகுப்பையே இங்கே பாதுகாக்கிறார்கள். ஆனாலும் ஒரு முறைதான் என்றால் நான் அக்டோபரைத்தான் சொல்வேன். வசந்தத்தில் பூக்கும் தோட்டங்கள் இந்த ஊரில் நிறைய உண்டு.

கார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை, சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் கூடுதல் யோகம். லண்டனிலிருந்து ஈஸ்ட் கிராய்டன் வழியாக ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு நேரடி ரயில் உண்டு. அங்கே இறங்கிப் பக்கத்திலேயே புளூபெல் ரயில்வே நிலையம். நிலக்கரி போட்டு ஓட்டும் நிஜமான நீராவி ரயில். அரசு ரயில்வே 1958-இல் இழுத்து மூடிய பாதையை ஆர்வலர்கள் 1960-இல் மீட்டு ஓட்டத் தொடங்கினார்கள். 2013-இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை நீட்டிவிட்டார்கள். 11 மைல் தூரம், காடும் மேய்ச்சல் நிலமுமாகப் போய்க் கடைசி நிறுத்தம் ஷெஃபீல்ட் பார்க். அங்கிருந்து தோட்டத்துக்கு முக்கால் மைல் நடை. பிள்ளைகளுக்குத் தோட்டத்தைவிட இன்ஜின்தான் பிடித்துப்போகும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டு டிக்கெட்டும் தனித்தனி. நீராவி ரயில் டிக்கெட்டில் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள், நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டையைக் காட்டி ரயிலில் ஏற முடியாது. ஆண்டுக்கு நாலைந்து இடம் போகும் குடும்பம் என்றால் அந்த உறுப்பினர் சந்தா கட்டுபடியாகும், ஒரு முறைதான் என்றால் வேண்டாம். நீராவி ரயில் எல்லா நாளும் ஓடாது. ஓடும் நாளிலும் நேரம் மாறும், கடைசி வண்டி மாலைக்கு முன்பே கிளம்பிவிடலாம். அட்டவணையை முந்தைய நாள் இரவு பார்த்து, திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப தோட்டத்தில் எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யுங்கள். குறைந்தது நாலு மணி நேரம் தோட்டத்துக்கு வேண்டும்.